அடிகளார் எந்த வகுப்பில் உட்கார்வார்?

கத்தோலிக்க நிர்வாகப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அந்த மணியோசை நினைவிருக்கும். வாரத்தில் ஓரிரு நாள், ஒரு பீரியடுக்கு மட்டும், வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்கு ஓர் அறைக்குப் போவார்கள். மற்றப் பிள்ளைகள் நீதிபோதனைக்கு இன்னோர் அறையில் உட்கார்வார்கள். ஒரே பெஞ்சில் தோள் உரசிக்கொண்டிருந்த சங்குகுளிக்காரர் மகனும் உப்பளத் தொழிலாளி மகனும் நாற்பது நிமிடம் பிரிந்திருந்துவிட்டு, அடுத்த மணிக்குக் கணக்குப் பாடத்தில் மறுபடி ஒன்றாவார்கள். தூத்துக்குடியைச் சூழ்ந்த முத்துக்குளித்துறைக் கரையின் பிள்ளைகளுக்கு இது பல தலைமுறைப் பழக்கம். யாரும் இதைக் குறையாகச் சொன்னதில்லை.

ஆனால் இந்தக் கரையில் வாழ்ந்து, இந்தக் கரையிலேயே புதைக்கப்பட்ட ஒரு குருவானவரைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நூல் எழுதவோ, படக்கதை வரையவோ, கண்காட்சி வைக்கவோ யாராவது முனைந்தால், அந்த மணி ஒரு கேள்வியாகிவிடுகிறது. அண்டிரிக் அடிகளாரை எந்த அறைக்குக் கொண்டுபோவது?

ஞானோபதேச அறைக்குள் அவர் நம்பிக்கையின் முன்னோடி. நீதிபோதனை அறைக்கு அவர் போவதே இல்லை. தமிழ் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வருகிறார்: தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் எது? ‘தம்பிரான் வணக்கம்’. ஆண்டு? 1578. ஊர்? கொல்லம். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் தூக்கத்திலும் சொல்லும் விடை இது. அந்த விடைக்குப் பின்னால் இருந்த மனிதரை அறிந்தவர்கள் அவர்களில் மிகச் சிலர்.

தமிழில் அண்டிரிக் அடிகளார் என்று அறியப்படும் ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் 1520இல் போர்ச்சுகலின் வில்லா விசோசா என்ற ஊரில் பிறந்தார். யூத வம்சாவளியில் வந்த கிறித்தவக் குடும்பம். அந்தக் காலப் போர்ச்சுகலில் அந்தப் பிறப்பு அழியாத கறையாகக் கருதப்பட்டது. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த அவர் அந்தக் காரணத்துக்காகவே வெளியேற்றப்பட்டார். பிறகு இயேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. 1546இல் இந்தியா வந்தார். மறு ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். 1549இல் கரையோர மறைப்பணியின் தலைவராக இருந்த அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டபின் அந்தப் பொறுப்பு இவர் தோளில் விழுந்தது. புன்னைக்காயலே அவருடைய இருப்பிடம். 1600இல் அங்கேயே காலமானார். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து பனிமய மாதா ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் இந்தக் கரையை விட்டு நிரந்தரமாக எங்கும் போகவில்லை.

பிறப்பைக் காரணம் காட்டி வெளியே தள்ளப்பட்ட ஒருவர் என்ற இந்தச் செய்தியைச் சொன்ன உடனேயே வகுப்பில் சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சாதி என்னவென்று தெரியாத வகுப்பறை தென்மாவட்டங்களில் கிடையாது. ஆனால் இந்தச் செய்தி பொதுவாக எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்புகளில் விட்டுப்போகிறது. முதல் அச்சு நூல், முதல் ஐரோப்பியத் தமிழறிஞர், முதல் இலக்கணம் என்று ‘முதல்’களின் பட்டியலே போதும் என்று தோன்றிவிடுகிறது. அந்தப் பட்டியலில் பெருமை இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. முதல்வராக வந்தவரை அவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவரோடு உட்கார்ந்து படிக்க முடியாது.

அடிகளார் தமிழ் கற்ற கதையோ பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனின் கதை. வந்த புதிதில் மொழிபெயர்ப்பாளரை வைத்துத்தான் பேசினார். இந்த மொழி தமக்கு வராது என்றே முதலில் நினைத்தார். பிறகு வெறியோடு உட்கார்ந்து கற்றார். தாம் கற்றதை அவ்வப்போது விதிகளாகவும் அட்டவணைகளாகவும் எழுதிவைத்தார். அப்படி உருவானதுதான் அவருடைய தமிழ் இலக்கணக் கையேடு. அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 2013இல் ஜீன் ஹைனும் வி.எஸ். ராஜமும் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து ஹார்வர்டு வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். தொல்காப்பியமோ நன்னூலோ அவர் கையில் இல்லை. அவர் கேட்டது கரையில் வலை உலர்த்துகிறவர்களும் மீன் விற்கிறவர்களும் பேசிய தமிழ். அதையே எழுதினார். நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கடற்கரை எப்படிப் பேசியது என்பதற்கு இன்று நம்மிடம் இருக்கும் அரிய சாட்சி, ஒரு மாணவரின் நோட்டுப் புத்தகம்.

கூடப் பணியாற்றிய குருக்களும் தமக்குள் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் தண்டனை என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். தாய்மொழி வாயில் வந்தால்தான் தண்டனை. வளாகத்துக்குள் தமிழ் பேசிய பிள்ளைக்கு அபராதம் போட்ட பள்ளிகளை அறிந்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அடிகளாரின் பெயரைச் சொல்லி ஒரு பாடநூல் கொண்டுவரும் நிர்வாகம் எதுவானாலும் இந்த ஒரு செய்தியைத் தாண்டிப் போகாமல் நின்று யோசிப்பது நல்லது.

பள்ளிக்கான நூல் என்றால், அதற்கு அடிகளாரே ஒரு முன்மாதிரி வைத்துப் போயிருக்கிறார். 1579 நவம்பர் 14 அன்று கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஒரு மொழிபெயர்ப்பு. மூலம், மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற இயேசு சபைக் குரு போர்ச்சுகீசியச் சிறுவர்களுக்கென்றே கேள்வி பதிலாக எழுதிய சிறு நூல். 1566இல் லிஸ்பனில் வந்தது. அதே நூல் கிழக்கே போய் 1590களின் தொடக்கத்தில் ஜப்பானியத்திலும் அச்சேறியது. தமிழில் வந்த முதல் அச்சு நூல்களில் ஒன்று சிறுவர் பாடநூல் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. ஒருவர் கேட்கிறார், ஒருவர் சொல்கிறார். கேட்கிறவருக்கும் நூலில் இடம் உண்டு.

கேட்கத் தெரியாமல் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தக் கரையிலேயே உதாரணம் இருக்கிறது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. 1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களை உட்காரவைத்து, மாதக்கணக்கில் பாடுபட்டு, செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவர்கள் கற்றதை வீட்டில் தாய் தகப்பனுக்குக் கற்பித்தார்கள். நோயாளிகளின் வீடுகளுக்குத் தம் செபமாலையைக் கொடுத்துப் பிள்ளைகளையே அனுப்பிவைத்தார்.

அந்தச் செபங்களில் ஒன்றான விசுவாசப் பிரமாணத்தின் தமிழில் ஒரு பிழை இருந்தது. ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது. கேட்ட மக்கள் என்ன நினைத்தார்களோ! பிழை தெரிந்ததும் சவேரியார் 1544இல் தம் துணைவர் மான்சிலியாசுக்குக் கடிதம் எழுதித் திருத்தினார். வேணும் என்றால் விரும்புவது, நம்புவது அல்ல, எனவே மாற்றிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். பெரிய புனிதர் என்று உலகம் கொண்டாடும் ஒருவர், தாம் ஊரெல்லாம் சொல்லிக்கொடுத்த செபத்தில் தவறு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு எழுதிய கடிதம் அது.

இந்தக் கடிதத்தைப் பத்தாம் வகுப்பில் வைத்துப் பார்க்கலாம். ‘கடவுளை நம்புகிறேன்’, ‘எனக்குக் கடவுள் வேணும்’ ஆகிய இரண்டும் ஒன்றா? எது ஆழமானது? நம்புகிறவன் வேண்டாமலும் இருக்கலாம். வேண்டுகிறவன் நம்பிக்கை தடுமாறிய வேளையிலும் வேண்டிக்கொண்டிருக்கலாம். காரைக்காலம்மையார் இறைவன் முன் நின்று கேட்டதெல்லாம் ‘வேண்டும்’ என்ற வினையில்தான் என்று சேக்கிழார் காட்டுகிறார். சவேரியாரின் மொழிபெயர்ப்பாளர்கள் தவறி விழுந்த இடம், தமிழ்ப் பக்தியின் நடுமுற்றம். அந்தப் பிழையைத் திருத்தியது சரிதான், ஏனெனில் கோட்பாட்டுக்குத் துல்லியம் வேண்டும். ஆனாலும் பிழை திருந்தும்வரை இந்தக் கரையின் ஏழை மக்கள் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லி நின்ற செபம் விண்ணில் தள்ளுபடியாகியிருக்கும் என்று எந்த இறையியலும் சொல்லாது. கத்தோலிக்கப் பிள்ளை, சைவப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை மூவரும் சேர்ந்து பேச இதைவிட நல்ல கேள்வி கிடைப்பது அரிது. வகுப்பைப் பிரிக்கவேண்டிய தேவையும் இராது.

சொல்லைப் பற்றிய இன்னொரு கேள்வியும் அடிகளாரின் முதல் நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. இறைவனைத் தமிழில் எப்படி அழைப்பது? முதலில் போர்ச்சுகீசியச் சொல்லையே வைத்துக்கொண்டிருந்தார்கள். அடிகளார் ‘தம்பிரான்’ என்றார். சைவர்கள் சிவபெருமானை அழைத்த சொல் அது, திருமடங்களில் இன்றும் வழங்கும் சொல். பின்னால் மதுரையில் ராபர்ட் தெ நோபிலி ‘சருவேசுரன்’ என்றார். தரங்கம்பாடியில் லுத்தரன் சபையினர் ‘பராபரன்’ என்றார்கள். இன்று ‘கடவுள்’ என்று சொல்கிறோம். இந்தச் சொற்களின் பட்டியலை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டாலே ஒரு மணி நேரப் பாடம். அடுத்த வீட்டுக்காரரின் சொல்லை வாங்கித் தன் இறைவனுக்குச் சூட்டினால் அது மரியாதையா, பறிப்பா? இரண்டு பக்கமும் வாதாட இடம் இருக்கிறது. வாதாடட்டும்.

இனி, சங்கடமான பக்கங்கள். 1530களில் முத்துப் பார்களின் உரிமைக்காக இந்தக் கரையில் முத்துக்குளிக்கும் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் கடும் மோதல் நடந்தது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றதற்கு அந்தப் பாதுகாப்பும் ஒரு காரணம். குருக்களுக்குப் பின்னால் கப்பல்களும் பீரங்கிகளும் இருந்தன. மதம் மாறிய பிள்ளைகள் பழைய தெய்வ உருவங்களை உடைத்ததைச் சவேரியாரே மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். இவற்றை விட்டுவிட்டு ஒரு படக்கதை வரைந்தால் அது அழகாக இருக்கும், உண்மையாக இராது. காயல்பட்டினத்து முஸ்லிம் பிள்ளையும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய முன்னோர் கதையில் வெறும் பகைவர்களாக வந்து போவது நியாயம் இல்லை. அம்மன் கொடைக்கு முளைப்பாரி எடுக்கும் வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறான். உடைந்த உருவம் யாருடையது என்று அவன் கேட்டால் ஆசிரியர் கண்ணைத் தாழ்த்தக் கூடாது.

புனிதரின் குறையைச் சொன்னால் பக்தி குறைந்துவிடும் என்ற பயம் நம் மரபுக்குப் புதிது. தம்பிரான் தோழர் என்றே பெயர் பெற்ற சுந்தரர் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பார்வை இழந்ததைச் சைவம் மறைக்கவில்லை. ஊர் ஊராகப் பாடி வைத்திருக்கிறது. பேதுரு இயேசுவை மூன்று முறை மறுதலித்ததை நான்கு நற்செய்திகளும் எழுதியிருக்கின்றன. அடியாரைக் கறையில்லாத சிலையாக்கும் பழக்கம் பள்ளி ஆண்டு விழா மேடையில் பிறந்தது. கோயிலிலும் திருச்சபையிலும் அது முதலில் இருந்ததில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று நிர்வாகிகள் கேட்பார்கள். அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் சமய போதனையைத் தடுக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் பெற்றோரின் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையையும் அதில் பங்கெடுக்கச் சொல்லக் கூடாது என்கிறது. வகுப்பு இரண்டாகப் பிரிவதன் வேர் இதுதான், அது பிள்ளைகளைக் காக்கும் நல்ல வேர். அதேசமயம் சமயங்களைப் பற்றி அறிவது வேறு, சமயத்தைப் போதிப்பது வேறு என்ற வேறுபாட்டை 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. திருச்சபையின் பக்கமும் கதவு மூடியில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையையும் 1965 அக்டோபர் 28 என்ற ஒரே நாளில் வெளியிட்டது. பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்தால், அண்டிரிக் அடிகளாருக்கு ஞானோபதேச அறையில் ஓர் இடமும் பொது வகுப்பில் இன்னோர் இடமும் தாராளமாகக் கிடைக்கும். முன்னதில் அவரிடம் செபம் கற்கலாம். பின்னதில் அவரோடு சேர்ந்து தமிழ் கற்கலாம்.

பொது வகுப்புக்கான நூலில் இன்னொரு கூட்டத்துக்கும் முகம் கொடுக்க வேண்டும். அடிகளாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் பெயர் பதிவாகாத உள்ளூர்க்காரர்கள். அவர் பின்னாளில் அச்சிட்ட நூல்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் பரதவர்கள். அந்தப் பணம் மூச்சடக்கிக் கடலடியில் இறங்கிச் சிப்பி அள்ளியவர்கள் சம்பாதித்தது. ‘தம்பிரான் வணக்க’த்துக்குத் துணை நின்ற பேரோ லூயிஸ் கொல்லத்தில் பிறந்த பிராமணர், இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர். அதற்கும் முன்பு, 1554இல், லிஸ்பனில் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கொண்ட ஒரு செப நூல் அச்சானது. அதை ஆக்கியவர்கள் வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா குரூஸ் என்ற மூன்று தமிழர்கள். பெயர்தான் போர்ச்சுகீசியம். ஒரு சமயத் தலைவரின் மரபு என்று சொல்லும்போது அவரைச் சூழ்ந்து நின்ற இத்தனை பேரும் அதில் சேர்த்தி.

கரையில் பக்கத்து ஊர்களும் உதவிக்கு வரும். காயல்பட்டினத்தில் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபு இருக்கிறது. ரோமன் எழுத்தில் ஒரு தமிழ், அரபு எழுத்தில் ஒரு தமிழ் என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் மயங்கிப்போவார்கள். அடிகளார் 1586இல் கொண்டுவந்த ‘அடியார் வரலாறு’ புனிதர்களின் வாழ்க்கையைத் தமிழ் உரைநடையில் சொன்ன மிகப் பெரிய நூல். அதே தூத்துக்குடி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் நபிகளின் வாழ்க்கையைச் ‘சீறாப்புராணம்’ ஆகப் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கிறார். ஒரு நாள் சுற்றுலாவில் புன்னைக்காயலையும் எட்டயபுரத்தையும் பார்த்துவிடலாம், வேனுக்கு அதிகச் செலவாகாது.

பயிற்சிகளும் எளிதானவை. அன்றைய அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடும் இல்லை. ‘அன்பு’ என்பது ‘அனபு’ என்று நிற்கும், ‘அப்பம்’ என்பது ‘அபபம’ என்று. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் நான்கு வரியைப் புள்ளியில்லாமல் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், முதலில் சிரிக்கும், பிறகு திக்கும், பிறகு பொருளைப் பிடித்துக்கொண்டு ஓசையைக் கண்டுபிடிக்கும். அந்தப் பிள்ளையின் அந்த நிமிடமும் 1547இல் அடிகளார் இருந்த நிலையும் ஒன்றுதான். தரங்கம்பாடியில் லுத்தரன் குரு சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகிய கதையையும் இங்கே சேர்க்கலாம். வேறு சபைக்காரர் என்று தள்ள வேண்டியதில்லை.

இந்த வழியில் நடந்தவர்கள் அண்மைக் காலத்திலும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் 1913இல் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள் ரோமில் படித்துக் குருவாகி, தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்து, வடக்கன்குளம் தெரேசாள் பள்ளியில் ஆசிரியரானார். ஐரோப்பிய மொழிகள் பல தெரிந்த அவருக்குத் தமிழிலக்கியம் தெரியாது. அந்தப் பள்ளியின் தமிழாசிரியர் பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். கத்தோலிக்கக் குரு, பிராமணப் பண்டிதர், நடுவில் தமிழ். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம். ஐரோப்பிய நூலகங்களில் தூங்கிய அண்டிரிக் அடிகளாரின் அச்சு நூல்களைத் தேடிப் பார்த்து உலகத்துக்கு எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். அந்தக் கழகத்தின் வழியாக 1960களில் இயேசு சபைக் குரு ச. இராசமாணிக்கம் அவற்றை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். ஏறத்தாழ நானூறு ஆண்டு கழித்துப் புத்தகங்கள் அவை பிறந்த கரைக்கே திரும்பி வந்தன. அந்த மறுபதிப்புகளையும் இன்று பள்ளி நூலகங்களில் எளிதாகப் பார்க்க முடிவதில்லை என்பது வருத்தமான உண்மை.

‘தம்பிரான் வணக்கம்’ மொத்தம் 16 பக்கம். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. இன்று அதன் படி இருப்பது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். அதன் கடைசிப் பக்கத்தில் செபம் இல்லை. தமிழ் எழுத்துகளின் மாதிரியை அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்: 1577இல் கோவாவில் வார்த்தவை, மறு ஆண்டு கொல்லத்தில் வார்த்தவை. முதலாவது சரியாக வராமல் மறுபடி முயன்றதை இரண்டையும் அருகருகே பார்க்கிற கண் கண்டுகொள்ளும். பள்ளிக்கான நூல் எதுவானாலும் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி முதலில் வைக்கலாம். சுவரில் ஒட்டினால் பிள்ளைகள் கூடுவார்கள். அந்தோணி, முத்துலட்சுமி, பாத்திமா என்று யார் வந்து நின்றாலும் விரலை நீட்டி முதலில் தேடப்போவது தன் பெயரின் முதல் எழுத்தை.